முலாம் ஸ்டேட்டர்: அந்தக் காலத்துக் கள்ளக்காசா, போன மாதத்துக் கள்ளக்காசா?

லெஸ்டர்வாசி:

வணக்கம். இங்கே பெரும்பாலும் சங்ககாலக் காசும் சோழர் காசும்தான் பேசுகிறோம். கொஞ்சம் திசை மாறிய கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில். ரோமானியர் வருவதற்கு முன் இந்தப் பக்கம் இருந்த கெல்டிக் குலம் கொரியெல்டவி. அவர்கள் காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அவர்களின் பெரிய காசான ஸ்டேட்டர் நல்ல தங்கத்தில் என்றால் என் சம்பளத்துக்கு எட்டாது. போன வாரம் ஓர் இணைய ஏலத்தில் 140 பவுண்டுக்கு ஒன்று எடுத்தேன். விற்பவர் கொடுத்த குறிப்பு இதுதான்: ‘கொரியெல்டவி, சவுத் ஃபெரிபி வகை ஸ்டேட்டர், அந்தக் காலத்திலேயே செய்யப்பட்ட போலி, செம்பின் மேல் தங்க முலாம், லிங்கன்ஷயரில் கிடைத்தது.’

18 மி.மீ., 4.02 கிராம். ஒரு பக்கம் இலை இலையாக ஒரு கோலம், மறுபக்கம் துண்டு துண்டாக ஒரு குதிரை. குதிரையின் தோள்மேட்டில் முலாம் தேய்ந்து பழுப்பு தெரிகிறது. அங்கங்கே பச்சைக் களிம்பு.

14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். இது உண்மையிலேயே 2,000 வருடத்துப் போலிதானா? அப்படியே இருந்தாலும் போலியைக் காசு கொடுத்து வாங்குவார்களா? படம் நான்கு இணைத்திருக்கிறேன்.

சும்மாபார்க்கவந்தேன்:

அசல் போலியா, போலிப் போலியா என்று கேட்கிறீர்கள். எனக்கு இப்போதே தலை சுற்றுகிறது. நடத்துங்கள், ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

ஈயக்காசு:

நல்ல கேள்வி தம்பி. முதலில் இது என்ன காசு என்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கும் உதவும்.

அலெக்சாண்டரின் அப்பா, மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப், தங்க ஸ்டேட்டர் அடித்தார். முன்பக்கம் இலைமாலை சூடிய அப்பொல்லோ தலை, பின்பக்கம் இரட்டைக் குதிரை ரதம், கீழே பிலிப்பின் பெயர். எடை 8.6 கிராம். கிரேக்க மன்னர்களிடம் கூலிப்படையாகப் போன கெல்ட்டுகள் சம்பளமாக வாங்கி வந்ததுதான் இந்தக் காசு பரவக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைப் பார்த்து கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுக் குலங்கள் தாங்களும் அடித்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் அச்சு வெட்டுபவர் மூலக்காசைப் பார்க்காமல் முந்தைய நகலைப் பார்த்து வெட்டினார். அப்பொல்லோவின் முகம் போனது. மாலையின் இலைகள் மட்டும் மிஞ்சின. ரதத்தில் ஒரு குதிரை போனது, தேர் போனது, கடைசியில் ஒரு சக்கரமோ ஒரு நட்சத்திரமோ மட்டும். நீங்கள் ‘இலைக் கோலம்’ என்று சொல்வது அப்பொல்லோவின் தலைமாலை. இந்த வம்சாவளியை ஒழுங்காக வரிசைப்படுத்திக் காட்டியவர் ஜான் எவான்ஸ். பிரிட்டனின் பழங்காசு பற்றிய அவர் நூல் 1864-இல் வந்தது.

சவுத் ஃபெரிபி வகை கி.மு. முதல் நூற்றாண்டின் பின்பகுதி. எழுத்து இருக்காது. நல்ல தங்கக் காசு 5.4 கிராம் அளவில் நிற்கும். உங்களுடையது 4.02. முலாம் காசு என்றால் இந்த எடை இயல்புதான். கொரியெல்டவி ஸ்டேட்டர்களில் முலாம் காசுகள் நிறையவே உண்டு. ஆக, விற்பவர் சொல்வது நடக்காத விஷயம் இல்லை.

ஆனால் அதனாலேயே எனக்குச் சந்தேகம். தங்கக் காசு என்று சொல்லிப் போலியை விற்றால் வாங்குபவன் எடை பார்ப்பான், உரசுவான், நாலு பேரிடம் கேட்பான். ‘இது போலிதான், ஆனால் பழைய போலி’ என்று சொல்லிவிட்டால் எடை குறைவு, தேய்மானம், களிம்பு எல்லாவற்றுக்கும் பதில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. கடைசி சில வருடங்களாக இந்த உத்தியை ஏலத் தளங்களில் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் படங்கள் நேர்மேலே இருந்து எடுத்தவை. விளிம்பைப் படமெடுங்கள். முலாம் தேய்ந்த இடத்தின் ஓரத்தைப் பெரிதாக்கி எடுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் வரட்டும்.

கயல்_வரலாறு:

ஈயக்காசு ஐயா சொன்ன வம்சாவளி சரி. ஆனால் ‘கள்ளக்காசு’ என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டீர்களே? இந்த முலாம் காசுகள் எல்லாம் யாரோ திருட்டுத்தனமாகக் கொட்டகைக்குள் அடித்தவை என்று நான் ஏற்கமாட்டேன்.

தெற்குக் கரையில் ஹேலிங் தீவு என்று ஓர் இடம். ரோமானியருக்கு முன்பிருந்தே கோயில் இருந்த மேடு. அங்கே காணிக்கையாகப் போட்ட காசுகளில் முலாம் காசுகளின் பங்கு கணிசம். சாமியை ஏமாற்றினார்களா? இருக்கலாம். ஆனால் காணிக்கைக்கென்றே செய்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்று அலேசியா. கி.மு. 52-இல் சீசர், கால் நாட்டுக் கெல்ட்டுகளின் தலைவன் வெர்சிஞ்செட்டோரிக்ஸை முற்றுகையிட்ட இடம். 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் செலவில் அங்கே தோண்டியபோது வெர்சிஞ்செட்டோரிக்ஸ் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன, தங்கம் இல்லாமல் செம்புக் கலவையில். தங்கம் தீர்ந்துபோன முற்றுகை நாட்களில் தலைவனே அடித்த காசு என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அதைக் கள்ளக்காசு என்பீர்களா?

ஈயக்காசு:

அலேசியாவை ஒப்புக்கொள்கிறேன் கயல். அங்கே மறைக்க ஒன்றும் இல்லை. செம்புக் கலவை செம்புக் கலவையாகவே தெரிகிறது, வாங்குபவனுக்கும் தெரியும். முலாம் காசு அப்படி இல்லையே. தங்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெனக்கெட்டுச் செய்தது. நோக்கம் அந்த மெனக்கெடலிலேயே இருக்கிறது.

கயல்_வரலாறு:

கோயில் காணிக்கைக்கும் தங்கமாகத் தெரிய வேண்டும்தானே ஐயா. நம்மூர் உண்டியலில் விழும் கவரிங் நகையை யாரும் போலீசுக்குக் கொண்டுபோவதில்லை.

பத்தரைமாற்று:

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன், மூன்று தலைமுறை. கெல்ட்டு எல்லாம் எனக்குத் தெரியாது. முலாம் தெரியும், அதனால் உள்ளே வருகிறேன்.

இக்காலத்து முலாம் மின்முலாம். தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்ட் விட்டால் தங்கம் போய் ஒட்டும். பள்ளம் மேடு எல்லா இடத்திலும் ஏறும், விளிம்பிலும் ஏறும், கீறலுக்குள்ளும் ஏறும். மைக்ரான் கணக்கில்தான் கனம். தேயும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அடிநிறம் மங்கலாக எட்டிப்பார்க்கும், ஓரம் என்று ஒன்று தெரியாது.

அந்தக் காலத்தில் கரண்ட் ஏது. மெல்லிய தங்கத் தகட்டைச் செம்பு வில்லையின் மேல் போர்த்தி, சூடு காட்டி, ஒன்றோடு ஒன்று பிடிக்கவைத்து, பிறகு அச்சில் வைத்து அடித்திருப்பார்கள். அப்படிச் செய்தால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, விளிம்பில் எங்கேயாவது தகடு மடிந்த இடமோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடமோ இருக்கும். இரண்டு, தகடு கிழிந்த இடத்தில் ஓரம் வெட்டென்று இருக்கும். மூன்று, மண்ணுக்குள் கிடந்தபோது செம்பு அரித்து ஊதும். ஊதினால் தகட்டை அடியிலிருந்து தள்ளும். ஓரம் சுருண்டு மேலே தூக்கும். அந்தத் தூக்கலுக்கு அடியில் முதலில் செங்கல் நிறத்தில் ஒரு படலம், அதன்மேல் பச்சைக் களிம்பு. பச்சை மட்டும் மேலே அப்பியிருந்தால் யாரோ அப்பிவிட்டது.

தம்பி, பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டுக் களிம்பை ஒற்றிப் பாருங்கள். பல வருடக் களிம்பு அசையாது.

அப்புறம் தண்ணீர் எடை. நகைத்தராசு இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு தள்ளிய தண்ணீரின் எடை. காற்றில் உள்ள எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும், ஒரு சொட்டு சோப்பு விட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தத் தங்கம் 19.3, வெள்ளி 10.5, செம்பு 8.96. ஈயக்காசு ஐயா, உங்கள் அசல் ஸ்டேட்டரில் தங்கம் எவ்வளவு மாற்று?

ஈயக்காசு:

குலத்துக்குக் குலம், காலத்துக்குக் காலம் மாறும். தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் சேர்ந்த கலவை. பிரிட்டன் காசுகளில் தங்கம் 40 சதவீதப் பக்கம் வந்து நிற்பது சாதாரணம்.

பத்தரைமாற்று:

40 தங்கம், 20 வெள்ளி, 40 செம்பு என்று வைத்துக்கொண்டால் அடர்த்தி 11.8 சொச்சம் வரும். 5.4 கிராம் அசல் காசு 0.46 கிராம் தண்ணீரைத் தள்ளும். அதே எடையில் முழுச் செம்பு 0.60 தள்ளும். சாதாரண நகைத்தராசுக்கே இந்த வித்தியாசம் புலப்படும். ஆனால் ஒரு கிராம், ஒன்றேகால் கிராம் வெள்ளிக்காசுக்கெல்லாம் இந்த முறையை நம்பாதீர்கள், தராசின் தள்ளாட்டமே பத்து சதவீதம் வந்துவிடும்.

சும்மாபார்க்கவந்தேன்:

உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடுமே?

பத்தரைமாற்று:

தெரியும். காசில் கோடும் விழும். 2,000 வருடக் காசாக இருந்தால் பாவம் யாருக்கு?

பருத்தித்துறை:

நான் கனடாவில் இருந்து. கயல் அக்காவும் ஈயக்காசு அண்ணையும் ஒரு விசயத்தை விட்டிட்டியள் என்று நினைக்கிறன். போலி வேறை, பாவனை வேறை.

இலங்கையில் ரோமானியரின் நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக் காசுகள் எக்கச்சக்கமாகக் கிடைக்கும். அதோடு அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த காசுகளும் கிடைக்கும். அது ஒருவரையும் ஏமாற்றச் செய்ததில்லை, சந்தையில் சில்லறை போதாததால் செய்தது. டான்யூப் கரைக் கெல்ட்டுகள் பிலிப்பின் டெட்ராட்ராக்ம் என்ற பெரிய வெள்ளிக்காசைப் பார்த்து அடித்ததும் அப்படித்தான். நல்ல வெள்ளி, நல்ல எடை, தங்கள் கைவண்ணத்தில் குதிரைவீரன். முதலில் நகல், பிறகு அதுவே அவர்களின் சொந்தக் காசு.

போயி என்ற கெல்டிக் குலத்தின் பியாடெக் காசைப் பாருங்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் இன்றைய பிராட்டிஸ்லாவாப் பக்கம் அடித்த பெரிய வெள்ளிக்காசு, ஏறத்தாழ 17 கிராம். லத்தீன் எழுத்தில் பெயர். ஸ்லோவாக்கியா யூரோவுக்கு மாறும்வரை அவர்களின் 5 கொருனா நாணயத்தில் அந்தக் காசின் படம்தான் இருந்தது. அதனால் அந்த நாட்டில் நினைவுப்பொருளாகப் பியாடெக் நகல்கள் தாராளம். அதைக் கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் கறுப்பாக்கி ‘கெல்டிக் வெள்ளி’ என்று விற்கும் ஆட்களும் தாராளம்.

ஈயக்காசு:

பருத்தித்துறை சொன்னது அருமை. ஒன்று சேர்க்கிறேன். டான்யூப் கரை டெட்ராட்ராக்ம்களில் உளிவெட்டு உள்ளவை நிறைய. உள்ளே வெள்ளியா செம்பா என்று அக்காலத்து ஆளே வெட்டிப் பார்த்திருக்கிறான். அதாவது முலாம் காசுக்கு அவனும் பயந்திருக்கிறான். ஜெர்மானியர்கள் ரோமானியக் காசில் பழைய, விளிம்பில் பல்வெட்டுள்ள வெள்ளிக்காசையே விரும்பினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். எல்லையில் இருந்தவனுக்கும் எது நல்ல காசு என்று தெரிந்திருக்கிறது. எல்லா முலாம் காசும் காணிக்கை என்று கயல் சொன்னால், வெட்டிப் பார்த்தவன் எதற்கு வெட்டினான்?

கயல்_வரலாறு:

எல்லாமே காணிக்கை என்று நான் சொல்லவில்லை. எல்லாமே களவு என்று நீங்கள் சொல்லாதீர்கள் என்கிறேன்.

சரி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இங்கிலாந்தின் டோர்செட் பக்கம் டுரோட்ரிஜஸ் குலம். முதலில் தங்க ஸ்டேட்டர், பிறகு வெள்ளி, பிறகு மட்டமான வெள்ளி, கடைசியில் வெறும் வெண்கலம். அதே அளவு, அதே வடிவம், அதே மரியாதை! ஜெர்சி தீவில் கிடைத்த, கோரியோசோலிட்டீஸ் என்ற குலத்தின் ஸ்டேட்டர்கள்? வெள்ளி என்று பெயர், உள்ளே செம்பு ஏறிக்கொண்டே போகிறது. தங்கத்தைக் குறைத்துத் தங்கம் என்று கொடுத்ததைத் தலைவன் செய்தால் நாணயக் கொள்கை, தட்டான் செய்தால் தலை போகும் குற்றம். அந்த மக்களுக்கு இந்தக் கோடு எங்கே விழுந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

காசு அடித்த இடங்களின் தடயமும் பல ஊர்களில் கிடைக்கிறது. குழி குழியாக உள்ள களிமண் தட்டுகள். குழிக்குள் உலோகத் தூளை எடைபோட்டு உருக்கி உருண்டை எடுத்து, தட்டையாக்கி, அச்சடிப்பது. லிங்கன்ஷயரின் ஓல்ட் ஸ்லீஃபோர்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள். ஒரே ஓர் அரண்மனை அக்கசாலை (காசு அடிக்கும் இடம்), அதற்கு வெளியே எல்லோரும் கள்ளர் என்று கற்பனை செய்தால் இந்தப் படம் பொருந்தவில்லை.

ஈயக்காசு:

கோடு மங்கல் என்பது வரைக்கும் உங்களோடு வருகிறேன். ஆனால் அச்சைப் பாருங்கள் என்பேன். முலாம் காசுகளும் நல்ல தங்கக் காசுகளும் ஒரே அச்சில் அடிபட்டிருந்தால், அக்கசாலைக்குள்ளேயே நடந்தது என்று பேசலாம். அப்படிச் சில உண்டு. வேறு அச்சு, அதுவும் தடுமாறும் கையால் வெட்டியது என்றால் வெளியாள். காசு காசாகத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும், மொத்தமாக இல்லை.

இதற்குத்தான் ஆக்ஸ்போர்டின் கெல்டிக் நாணயக் குறிப்பேடு. 1961-இல் டெரெக் ஆலன், ஷெப்பர்ட் ஃப்ரியர் இருவரும் தொடங்கியது. ஒவ்வொரு காசுக்கும் படம், எடை, கிடைத்த இடம். முலாம் காசுகளையும் சேர்த்தார்கள். ‘போலி, தேவையில்லை’ என்று தூக்கிப் போட்டிருந்தால் நீங்களும் நானும் இன்று சண்டை போட ஒன்றும் இருந்திருக்காது.

தம்பி கேட்டாரே, போலியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று. வாங்குவார்கள். அக்காலத்துப் போலி அக்காலத்துச் சான்று. எந்தக் காசுக்கு மதிப்பு இருந்ததோ அதைத்தான் போலி செய்வார்கள். எந்த ஊரில் கிடைத்தது என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

சும்மாபார்க்கவந்தேன்:

மான்சிங் ஊர்த் திருட்டு பற்றி யாரும் பேசவில்லையே? ஜெர்மனியின் பவேரியாவில் அருங்காட்சியகத்துக்குள் புகுந்து கெல்டிக் தங்கத்தை அள்ளிப் போனார்களே.

ஈயக்காசு:

2022 நவம்பர். 483 தங்கக் காசுகள், 1999-இல் தோண்டி எடுத்த புதையல். அந்த ஊர் மக்கள் இவ்வகைக் காசை வானவில் கிண்ணம் என்பார்கள், கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். மழை விட்டதும் உழுத மண்ணில் பளிச்சென்று தெரிவதால், வானவில் தரையைத் தொட்ட இடத்தில் கிடைக்கும் என்று கதை. திருடர்கள் முதலில் ஊரின் தொலைத்தொடர்புக் கேபிளையே வெட்டிவிட்டார்கள், அலாரம் போய்ச் சேரவில்லை. ஒன்பது நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. அடுத்த வருடம் ஆட்களைப் பிடித்தபோது ஒருவனிடம் தங்கக் கட்டிகள் இருந்தன. காசை உருக்கிவிட்டான்.

வயிறு எரிகிறது. ஒவ்வொரு காசும் படத்தோடு பதிவானது, வெளியே விற்க வழியில்லை. அதனால் உருக்கு. போலி செய்பவனாவது ஒன்றைக் கூட்டுகிறான். இவன் கணக்கிலிருந்தே கழித்துவிட்டான்.

நிர்வாகி:

மான்சிங்குக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே லெஸ்டர்வாசியின் காசு மட்டும்.

லெஸ்டர்வாசி:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன்.

தண்ணீரில் தராசு 0.48 காட்டியது. திரும்பவும் வைத்துப் பார்த்தேன், அதேதான். 4.02-ஐ 0.48-ஆல் வகுத்தால் 8.4 வருகிறது. செம்பைவிடக் குறைவாக இருக்கிறதே?

அசிட்டோன் ஒற்றியதும் களிம்பில் பாதி பஞ்சில் வந்துவிட்டது. மீதி பேனாவின் பச்சை மை போல மங்கலாக நிற்கிறது. விளிம்புப் படம் இணைத்திருக்கிறேன். மடிப்பு என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தோள்மேட்டில் முலாம் ஓரம் சுருளவில்லை, மெல்ல மெல்லப் பழுப்பாகிறது.

பத்தரைமாற்று:

8.4 பித்தளையின் எண். ஆனால் அவசரப்படாதீர்கள், உள்ளே அரித்துக் குழிவிழுந்த செம்பும் குறைத்துக் காட்டும்.

விளிம்புப் படம் பார்த்தேன். என் கண்ணுக்கு அது தொட்டிக்குள் போய்வந்த சாமான். தொழில்காரன் கண், சான்றிதழ் இல்லை.

கயல்_வரலாறு:

நான் வேறு ஒரு வழியில் தேடினேன். பழைய ஏலப் படங்களில் இதே வகை முலாம் காசு ஒன்று அகப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் (இணைப்பில்). குதிரையின் கீழே நட்சத்திரம். அதன் இடப்பக்கம் ஒரு சின்னக் குழி, கடுகளவு. இரண்டு காசிலும் அதே இடம், அதே வடிவம்.

ஒரே அச்சு என்றால் ஒன்றுபோல் இருப்பது இயல்புதானே என்று தோன்றலாம். யோசியுங்கள். அச்சில் கீறல் விழுந்தால் காசில் அது மேடாக வரும். அந்த மேடு பத்துக் காசில் இருந்தாலும் சந்தேகம் இல்லை. குழி என்பது பெரும்பாலும் காசு அடித்த பிறகு அந்த ஒரு காசுக்கு நேர்ந்த காயம். ஒரு காசின் காயம் இன்னொரு காசில் எப்படி வரும்? அந்தக் காசை வைத்து அச்சோ வார்ப்போ எடுத்திருந்தால்தான் வரும்.

ஈயக்காசு:

சபாஷ் கயல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழிக்குள்ளும் முலாம் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. தகடு போர்த்திய காசில் பிற்பாடு குழி விழுந்திருந்தால் தகடு அங்கே கிழிந்து செம்பு தெரிந்திருக்கும்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். அச்சின் பள்ளத்தில் அழுக்கோ உலோகத் துணுக்கோ சிக்கினாலும் காசில் குழி மாதிரி வரும், அடுத்தடுத்த காசுகளிலும் வரும். பழங்காலக் கள்ளனும் நல்ல காசு ஒன்றிலிருந்து நேராக அச்சு எடுத்திருக்கலாம். ஆகவே குழி மட்டும் போதாது. குழி, சீரான முலாம், மடிப்பில்லாத விளிம்பு, பஞ்சில் வரும் களிம்பு, 8.4. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகிறது.

தம்பி, உங்கள் ஊரில் நகைக்கடைத் தெரு உண்டே. எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்-கதிர் விட்டு உலோகக் கலவையைச் சொல்வது) வைத்திருப்பார்கள். ஒரு நிமிட வேலை. முலாம் தேய்ந்த இடத்திலும் தேயாத இடத்திலும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கதிர் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். கெட்டித் தங்கக் காசுக்கே அது ஏமாற்றும், ஏனென்றால் மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பில் செம்பு கரைந்துபோய்த் தங்கம் கூடுதலாகக் காட்டும். இங்கே நமக்கு வேண்டியது மேல்தோலும் அதற்கு அடுத்த படலமும்தான், ஆகவே சரி.

லெஸ்டர்வாசி:

பெல்கிரேவ் ரோட்டில் ஒரு குஜராத்திக் கடையில் காட்டினேன். பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார், ‘இது என்ன, குதிரையா தவளையா’ என்று மட்டும் கேட்டார்.

தேயாத இடம்: தங்கம், நிக்கல், செம்பு, துத்தநாகம். தேய்ந்த இடம்: செம்பு, துத்தநாகம், நிக்கல் கொஞ்சம், தங்கம் மிகக் கொஞ்சம். வெள்ளி எதிலும் இல்லை.

பத்தரைமாற்று:

முடிந்தது கதை. பித்தளை மேல் நிக்கல், நிக்கல் மேல் தங்கம். கவரிங் பட்டறையில் தினமும் செய்வது இதுதான். நேரடியாகப் பித்தளையில் தங்கம் ஏற்றினால் சீக்கிரம் கறுக்கும் என்று நடுவில் நிக்கல் கொடுப்பார்கள்.

சும்மாபார்க்கவந்தேன்:

அந்தக் காலத்தில் நிக்கல் இல்லையா?

ஈயக்காசு:

தனி உலோகமாக நிக்கலைப் பிரித்தது 1751-இல், சுவீடனின் குரோன்ஸ்டெட். கலவையாக அதற்கு முன்பே உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பாக்டிரியாவின் (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) கிரேக்க மன்னர்கள் பாண்டலியோன், அகதோக்ளீஸ் போன்றவர்கள் செம்பு-நிக்கல் கலவையில் காசே அடித்தார்கள். தாதுவிலேயே கலந்து வந்தது. ஆனால் தங்கத்துக்கும் பித்தளைக்கும் நடுவில் தனிப் படலமாக நிக்கல் இருப்பது மின்முலாம் வந்த பிறகுதான் சாத்தியம். கொரியெல்டவி ஆளிடம் தொட்டியும் இல்லை, பேட்டரியும் இல்லை.

வெள்ளி துளியும் இல்லாததும் இடிக்கிறது. அந்தக் காலத் தங்கத்தில் வெள்ளி கலக்காமல் வருவது அபூர்வம். திருப்பி அனுப்புங்கள்.

கயல்_வரலாறு:

‘லிங்கன்ஷயரில் கிடைத்தது’ என்ற வரியையும் கவனித்தீர்களா? எந்த ஊர், எந்த வருடம், பதிவெண் எதுவும் இல்லை. லிங்கன்ஷயர் பெரிய மாவட்டம். அப்படி ஒரு வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

பருத்தித்துறை:

பெக்கர் கதை ஞாபகம் வருகுது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இருந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர். கிரேக்க, ரோமானியக் காசுகளுக்குக் கையாலேயே அச்சு வெட்டி அடிப்பார். புதுப் பளபளப்புப் போக, இரும்புத் தூளும் கொழுப்பும் போட்ட பெட்டிக்குள் காசுகளை வைத்து, குதிரைவண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம். குலுக்கலில் பழசாகிவிடும். அவர் வெட்டிய அச்சுகள் பெர்லினில் பாதுகாப்பாக இருக்கு. இப்ப பெக்கரின் போலிகளையே தனியாகச் சேர்க்கிறார்கள்.

பிறகு 1988-இல் கருங்கடல் புதையல் என்று சின்ன வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் சந்தைக்கு வந்து, பெரிய பெரிய நிபுணர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து அடிபட்டார்கள். கடைசியில் போலி என்று முடிவானது. எங்கள் லெஸ்டர்த் தம்பியை ஏமாற்ற வந்தவன் அந்த வரிசையில் கடைக்குட்டி. நிக்கல் போட்டு மாட்டிக்கொண்டான்.

லெஸ்டர்வாசி:

பணம் திரும்பி வந்துவிட்டது. விற்பவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நேற்றுப் பார்த்தேன், அதே காசு அதே குறிப்போடு மறுபடியும் ஏலத்தில். இந்தத் தடவை ஆரம்ப விலை 160. களிம்பும் புதிதாக ஏறியிருக்கிறது.

நிர்வாகி:

இரண்டு காசின் படங்கள், அந்தக் குழி, எக்ஸ்ஆர்எஃப் முடிவு மூன்றையும் எடுத்து மேலே நிலையாகப் பொருத்திவிட்டேன். விற்பவர் பெயரை இங்கே போட வேண்டாம். அந்த ஏலத் தளத்தின் புகார்ப் பக்கத்தில் இதே படங்களோடு தெரிவியுங்கள்.

சும்மாபார்க்கவந்தேன்:

பணம் வந்துவிட்டதே, இனி என்ன வாங்கப் போகிறீர்கள்?

ஈயக்காசு:

என்னைக் கேட்டால் கோரியோசோலிட்டீஸ் பில்லன் (செம்பு நிறையக் கலந்த வெள்ளி) ஸ்டேட்டர். ஜெர்சித் தீவில் 2012-இல் கிடைத்த புதையலில் மட்டும் ஏறத்தாழ 70,000 காசுகள். ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கவே வருடக் கணக்கில் ஆனது. அது அருங்காட்சியகச் சொத்து, விற்பனைக்கு வராது. ஆனால் பழைய புதையல்களிலிருந்து வெளியே வந்த காசுகள் சந்தையில் உண்டு. பழைய சீட்டு, பழைய ஏலப் பட்டியல் ஏதாவது கூடவே வந்தால் மட்டும் வாங்குங்கள். குதிரைக்கும் குறைவில்லை, மனிதத்தலை பூண்ட குதிரையே இருக்கும்.

லெஸ்டர்வாசி:

அதையும் பார்க்கிறேன் ஐயா. ஆனால் வேறு ஒன்று நடந்திருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் வார இறுதிகளில் உலோகங்காட்டியோடு வயல்களில் நடப்பவர். இந்தக் கூத்தைச் சொன்னதும் சிரித்தார். அவரிடம் உண்மையான முலாம் ஸ்டேட்டர் ஒன்று இருக்கிறதாம். வயல்காரரின் அனுமதியோடு எடுத்தது, மாவட்டக் கண்டெடுப்பு அலுவலரிடம் காட்டி எடை, படம், வயலின் ஆயக்குறி எல்லாம் பதிவாகியிருக்கிறது. பாதி அரித்துப்போய், தங்கம் ஒரு மூலையில் மட்டும் சுருண்டு நிற்கும், யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள் என்கிறார்.

பத்தரைமாற்று:

சுருண்டு நிற்கிறதா! அந்த மூலையை எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள் தம்பி. அடியில் செங்கல் நிறம் தெரிகிறதா பாருங்கள்.

கயல்_வரலாறு:

எனக்குப் பதிவெண் வேண்டும். அச்சை ஆக்ஸ்போர்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தங்கக் காசு எதனுடனாவது பொருந்தினால் ஈயக்காசு ஐயாவிடம் மறுபடி வழக்கைத் திறப்பேன்.

ஈயக்காசு:

திறங்கள், நான் இங்கேதான் இருப்பேன். பொருந்தாவிட்டால் அதையும் இங்கேயே எழுத வேண்டும், சரியா?

லெஸ்டர்வாசி:

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். தராசும் நூலும் கொண்டு போகிறேன், படம் அன்று இரவே போடுகிறேன்.